சேற்றுழவுக்கு 45 எச்.பி. டிராக்டர்: எந்த கம்பெனி வாங்கலாம்?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் 8 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சொந்த வேலை போக வாடகைக்கும் ஓட்டலாம் என்று 45 எச்.பி. அளவில் புது டிராக்டர் பார்க்கிறேன். மஹிந்திரா, மாசி, ஸ்வராஜ், குபோட்டா, ஜான் டீர் இதில் எது நல்லது? எங்கள் ஊரில் சிலவற்றுக்கு சப்-டீலர்தான் இருக்கிறார். அது போதுமா?

பதில்: ஐந்தில் எதை வாங்கினாலும் வண்டி உழும். ஒரே எச்.பி.யில் இழுவையிலும் டீசலிலும் இருக்கிற வித்தியாசத்தை ஓட்டுகிற கை பாதி சரிக்கட்டிவிடும். கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான வித்தியாசம் வண்டி வயலில் நிற்கிற அன்றைக்குத்தான் தெரியும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஊர் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள்.

டெல்டாவில் இது இரண்டு மடங்கு முக்கியம். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் சேற்றுழவு. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் வண்டி நின்றால், வாடகைக்குச் சொல்லிவைத்தவர் காத்திருக்க மாட்டார், அடுத்த வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார். அடுத்த வருடமும் அந்த வண்டிக்காரரைத்தான் கூப்பிடுவார்.

கடையில் காலை நேரத்தில் கவுண்டர் ஓரமாக நின்று கவனியுங்கள். மெக்கானிக் பையன் கிரீஸ் துணியில் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல், பழையது ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான். கடைக்காரர் அதைத் துடைத்து, ரப்பர் ஓரத்தில் பொறித்திருக்கும் உள் விட்டம், வெளி விட்டம், கனம் ஆகிய மூன்று எண்களையும் படிப்பார். சாதாரண சீல் என்றால் அந்த எண்ணை வைத்தே பேரிங் கடையில்கூட வாங்கிவிடலாம், வண்டி எந்த கம்பெனி என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 4 வீல் டிரைவ் வண்டிகள் பலவற்றின் முன் சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பல பாகம் சேர்ந்து ஒரே கட்டாக வரும் கேசட் சீல் இருக்கும். அது அந்த அச்சுக்கென்றே செய்தது. சேற்றில் அந்த இடத்தில்தான் களிமண் ஏறும், முதலில் ஒழுகுவதும் அங்கேதான். எங்கள் பக்கத்து வயல்காரர் வண்டிக்கு இந்த சீல் போனபோது டீலர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். வெளி மாவட்டத்திலிருந்து சீல் வந்து சேர்வதற்குள் ஊரில் நடவே முடிந்துவிட்டது. வண்டியில் பெரிய குறை எதுவும் இல்லை, ஒரு சீல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதர் அலைந்ததைப் பார்த்த பிறகுதான் யார் கேட்டாலும் இதையே சொல்கிறேன்.

ஆகவே நீங்கள் நினைத்திருக்கும் மாடலைச் சொல்லி, முன் ஹப் சீல், கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் ரிப்பேர் கிட், வாட்டர் பம்ப் இந்த நான்கையும் கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினால் நல்லது. "சொன்னா வரவழைச்சுத் தரேன்" என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். கம்பெனி சரக்கா, வெளி சரக்கா என்றும் கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆகிவிட்டது. டிராக்டர் டயர், கிளட்ச், ரேடியேட்டர் போன்ற பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பாருங்கள்.

பாகம் கிடைக்கிற கணக்கில் மஹிந்திராவும் மாசியும் முன்னால் நிற்கும் என்பது என் அபிப்பிராயம். மஹிந்திரா 1963-லிருந்து டிராக்டர் செய்கிறது. மாசியைச் செய்கிற டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கியது. மஹிந்திரா 575 டி.ஐ., மாசி 1035 டி.ஐ., 241 டி.ஐ. போன்ற மாடல்கள் பல காலமாக ஓடுவதால் வெளி மெக்கானிக் கைக்கு அவை பழக்கம், பாகங்களும் பல கடைகளில் கிடைக்கும். ஸ்வராஜை 2007-ல் மஹிந்திரா வாங்கியது. பெயரும் மாடலும் தொடர்வதால் பாகத்துக்குப் பயமில்லை, உங்கள் ஊரில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். குபோட்டாவும் ஜான் டீரும் அருமையான வண்டிகள், ஓட்டியவர்கள் விட மாட்டார்கள். ஆனால் அவற்றின் பாகங்களுக்குப் பெரும்பாலும் டீலரையே நம்ப வேண்டும். ஸ்டாக் வைத்திருக்கும் டீலர் கிட்டத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

"பெரிய கம்பெனி, எங்கே போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். எச்.எம்.டி. மத்திய அரசின் கம்பெனி. அதன் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்தது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இன்று வெளிக் கடைகள்தான் துணை.

இன்னொன்று. "இன்னும் கொஞ்சம் போட்டால் 55 எச்.பி. வரும்" என்று ஷோரூமில் ஆசை காட்டினால் அவசரப்படாதீர்கள். 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அதனால் அவற்றில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சுகிற காமன் ரெயில் இன்ஜின், சென்சார் எல்லாம் வருகின்றன. பழுது என்ன என்று பார்க்கவே ஸ்கேனர் வேண்டும், அது பெரும்பாலும் டீலரிடம்தான் இருக்கும். 45-ல் பெரும்பாலும் பழைய மாதிரி டீசல் பம்ப்தான். அதை எந்த நல்ல பம்ப் கடையிலும் கழற்றிப் பார்த்துவிடுவார்கள். 8 ஏக்கருக்கும் வாடகைக்கும் 45 தாராளம்.

புத்தகத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. வண்டியோடு வருவது ஓட்டுநர் கையேடு. அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பயன்படுவது பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் படம் போட்டு, பக்கத்தில் பார்ட் நம்பர் இருக்கும். ஒரே மாடலிலேயே தயாரித்த வருடத்தைப் பொறுத்து பாகம் மாறும். சேஸிஸ் நம்பரையும் பார்ட் நம்பரையும் போனில் அனுப்பினால் எந்த ஊர்க் கடைக்காரரும் சரியான பாகத்தை எடுத்துவிடுவார், தப்பான சாமானோடு பஸ் ஏற வேண்டாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் சோதனை நிலையத்து அறிக்கைகளையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். சோதனையில் என்ன பழுது வந்தது, கம்பெனி என்னென்ன கையேடு கொடுத்தது என்பது வரை எழுதியிருப்பார்கள். விளம்பரத்தை விட அதை நம்பலாம்.

சப்-டீலர் போதுமா என்றால், விற்பதற்குப் போதும். சர்வீஸ் வேன் எந்த ஊரிலிருந்து வரும், சேற்றில் நிற்கிற வண்டியை வயலிலேயே வந்து பார்ப்பார்களா, வாரண்டியைப் பதிவு செய்து தீர்ப்பது சப்-டீலரா மெயின் டீலரா என்று கேளுங்கள். பதிலைக் கொட்டேஷன் தாளிலேயே எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுங்கள். எழுதித் தந்தால், மெயின் டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு போன் போட்டு அதையே அவரிடமும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.