செம்மண்தான், ஆனால் ஊர்ச் செம்மண் இல்லை

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி இருக்கிறது. நல்ல செம்மண். வெண்டையும் கத்திரியும் போட்டேன். முளைக்கிறது, முழங்கால் உயரம் வருகிறது, அதோடு நின்றுவிடுகிறது. கோழி எரு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் போட்டாச்சு. புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் மாமியார், "செம்மண்ணில் வெண்டை வராமலா போகும், இன்னும் எரு போடு" என்கிறார். போடட்டுமா?
(வாசகி, பிடோக், சிங்கப்பூர்)

பதில்: கொஞ்ச நாளைக்கு எருவை நிறுத்துங்கள். நின்றுபோன செடி ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஆணிவேர் நேராக இறங்கி, பக்கமெல்லாம் சல்லிவேர் அடர்ந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் வேர் கட்டையாகத் தடித்து, நுனி பழுப்பேறி, சல்லிவேரே இல்லாமல் இருந்தால் உங்கள் மண்ணில் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, அதிகம். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அதற்கு வைத்தியம் வேறு, தனியாக எழுதுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது அவர் ஊர் மண்ணுக்குப் பொருந்தும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. புதுக்கோட்டையில் அதில் பாதிகூடக் கிடையாது. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் நிற்பவை இரும்பும் அலுமினியமும். அந்தச் சிவப்பே இரும்பின் நிறம்தான், செழிப்பின் அடையாளம் இல்லை. அமில கார அளவு (பிஎச்) 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். நீங்கள் போடும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குத் தராது. எருவை அள்ளிப் போட்டும் செடி பட்டினி கிடப்பது இதனால்தான்.

சிங்கப்பூரில் மண் ஒரே வகை என்றும் நினைக்காதீர்கள். உங்கள் பிடோக், தெம்பனீஸ், சாங்கிப் பக்கம் பழங்கால ஆறுகள் கொட்டிப்போன மணலும் களியும். புக்கிட் தீமா, புலாவ் உபின் பக்கம் கருங்கல் மக்கிய மண். ஜூரோங்கில் படிவுப் பாறை. புளிப்புதான் எல்லாவற்றுக்கும் பொது. பிடோக்கில் இன்னொன்றும் உண்டு. 1966இல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புக்கு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு, அங்கிருந்த குன்றுகளை வெட்டி மண் எடுத்தார்கள். அதனால் உங்கள் காலடியில் இருப்பது மேல்மண்ணே இல்லாத அடிமண்ணாகவும் இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் டோலமைட் சுண்ணாம்புத் தூள் வாங்குங்கள். தேக்காவில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அது வேரைச் சுட்டுவிடும். சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். அதே நாளில் கோழி எருவைச் சேர்க்காதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும். அப்புறம் மட்கு உரம். இந்த வெக்கையில் அது சீக்கிரம் கரைந்துபோகும், அதனால் ஒரேயடியாகப் போடாமல் ஒவ்வொரு நடவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சருகு மூடாக்கு எப்போதும் இருக்கட்டும்.

எதையும் திருப்பித் தராமல் பயிர் செய்துகொண்டே இருந்தால் இந்த மண் களைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் காட்டை அழித்து இங்கே தோல் பதனிட உதவும் காம்பியரும் மிளகும் பயிரிட்டவர்கள், மண் ஓய்ந்ததும் ஜொகூருக்கு நகர்ந்தார்கள். காட்டின் செழிப்பெல்லாம் மேலே கிடந்த சருகில்தான் இருந்தது.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் வைத்த கறிவேப்பிலையில் இளந்தளிர் மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. பாட்டி சொன்னபடி புளித்த மோர் ஊற்றியும் பலன் இல்லை. தோண்டினால் சிமெண்டுத் துண்டாக வருகிறது.
(வாசகர், செங்காங்)

பதில்: விடையைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். கட்டுமானக் கழிவு கலந்த மண் சுண்ணாம்பேறிக் காரமாகிவிடும். அப்போது இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது, தளிர்தான் முதலில் வெளுக்கும். கொஞ்சம் காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கினால் அதுதான். முந்தின பதிலில் சொன்ன டோலமைட்டை நீங்கள் தொடவே கூடாது. பாட்டியின் மோர் வைத்தியம் ஊரின் சுண்ணாம்பு மண்ணில் பிறந்தது, அதில் நியாயம் உண்டு. ஆனால் இத்தனை சிமெண்டை ஒரு டம்ளர் மோர் என்ன செய்யும்? செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் இரண்டடிக் குழி எடுத்து, கல்லையெல்லாம் பொறுக்கி, புதுமண்ணும் மட்கும் நிரப்பி நடுங்கள். அதுவரை செடி தாங்க, வேர் எளிதில் எடுக்கும்படி செய்த கீலேட் இரும்புச் சத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து விடலாம்.

கேள்வி: மண்ணோடு மல்லுக்கட்ட எனக்கு வயதில்லை. என்ன நடலாம்?
(வாசகர், ஈசூன்)

பதில்: மரவள்ளி, சர்க்கரைவள்ளி, அன்னாசி. மூன்றும் புளிப்பு மண்ணைத் தாங்கும். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இந்தத் தீவே மரவள்ளியைத் தின்றுதான் பிழைத்தது. தண்ணீர் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிடுங்கள், கிழங்கு அழுகாது.