ஸ்கூட்டர்கள் யார் பெயரில் இருக்கும்?

கேள்வி: நான் வளைகுடாவில் ஒரு வாகனப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்துவிட்டுத் தாயகம் திரும்பியவன். வயது 41. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் சிறு தொழில் தொடங்க நினைக்கிறேன். கையில் 30 லட்சம் ரூபாய், அதாவது சுமார் 11 லட்சம் தாய் பாட் இருக்கிறது. 15 வண்டிகளோடு தொடங்கினால், ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு 250 பாட் வாடகை வரும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அங்குள்ள ஒரு முகவர், இரண்டு தாய்லாந்துக்காரர்களின் பெயரில் 51 விழுக்காடு பங்கைக் காகிதத்தில் மட்டும் காட்டிக் கம்பெனி பதிவு செய்துவிடலாம், அவர்கள் தேதியிடாத பங்கு மாற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், வண்டிகளையும் அவர்களில் ஒருவர் பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். மாத இறுதிக்குள் முன்பணம் கேட்கிறார். இது பாதுகாப்பானதா? என் மனைவியும் என்னோடு வந்து கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதாகத் திட்டம்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு நிதானமாகப் பேசலாம். மாத இறுதி நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகவர் உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஏற்பாட்டுக்கு நம் பக்கத்தில் பினாமி என்று பெயர். தாய்லாந்தில் அது வெறும் விதிமீறலாகக் கருதப்படுவதில்லை, சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே கருதப்படுகிறது.

அந்நாட்டின் அயல்நாட்டவர் தொழில் சட்டம் 1999-இல் வந்தது. மூலதனத்தில் பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் கையில் இருந்தால், அந்தக் கம்பெனி தாய்லாந்தில் பதிவானதாகவே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது அயல்நாட்டுக் கம்பெனிதான். அத்தகைய கம்பெனி சேவைத் தொழில் எதையும் செய்வதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். வாகனத்தை வாடகைக்கு விடுவதும் சேவைத் தொழிலே. உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், உரிமம் தேவைப்படும் தொழிலுக்குக் குறைந்தபட்ச மூலதனம் 30 லட்சம் பாட். உள்ளூர்க்காரர்களே நிறைவாகச் செய்துகொண்டிருக்கும் ஸ்கூட்டர் வாடகைக்கு ஒரு வெளிநாட்டவர் ஏன் தேவை என்று அதிகாரிகள் கேட்டால், அதற்கு நம்மிடம் நல்ல பதில் இருக்காது. ஆகவே அந்த வழியை நீங்கள் மறந்துவிடலாம்.

உரிமம் கிடைக்காது என்பதால்தான் 51க்கு 49 என்ற கணக்கைப் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் தவறு இல்லை. 51 விழுக்காடு வைத்திருப்பவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, தாமே உரிமையாளராக இருந்தால், அந்தக் கம்பெனி தாய்லாந்துக் கம்பெனியாகவே கருதப்படும். அயல்நாட்டு உரிமம் தேவைப்படாது. வெறும் பெயரை மட்டும் இரவல் கொடுத்தால், பெயர் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. தாய்லாந்துப் பங்குதாரருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்வதுதான் விசாரணையின் முதல் படி. மாதச் சம்பளக்காரர் ஒருவர் பத்துக் கம்பெனிகளில் லட்சக்கணக்கில் பங்கு வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே அல்ல. சுற்றுலா நகரங்களில் இத்தகைய கம்பெனிகளைக் குறிவைத்து அந்நாட்டு வணிகத் துறை சில ஆண்டுகளாகவே சோதனை நடத்தி வருகிறது. எல்லோரும் செய்கிறார்கள் என்பது அங்கே ஒரு வாதமாக எடுபடாது.

தேதியிடாத அந்தப் பங்கு மாற்றுப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை முழுவதும் அதன்மீதே நிற்கிறது. ஒருநாள் அந்தப் பங்குதாரர் முரண்டு பிடிக்கிறார், நீங்கள் படிவத்தில் தேதியை எழுதிப் பங்குகளை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நிமிடமே கம்பெனி அயல்நாட்டுக் கம்பெனியாகிவிடும், உரிமம் இல்லாமல் தொழில் நடத்திய குற்றமும் சேர்ந்துகொள்ளும். நீதிமன்றத்துக்குப் போனால், சட்டவிரோத நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்பதால் வழக்கு நிற்காது. சோதனையின்போது அந்தக் காகிதம் அகப்பட்டாலோ, உங்களுக்கு எதிரான முதல் சாட்சியம் அதுவே. இவ்வளவுக்கும் மேல், 15 வண்டிகளும் அவர் பெயரில் பதிவாகியிருந்தால், பதிவுப் புத்தகத்தின்படி அவை அவருடைய வண்டிகள். அவர் இரவோடு இரவாக விற்றுவிட்டாலும், திருட்டு என்று புகார் கொடுக்கக்கூட உங்களுக்கு உரிமை இருக்காது.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற சிக்கலுக்கு வருகிறேன். ஒரு கம்பெனியில் பங்கு வைத்திருப்பது வேறு, அந்தக் கம்பெனியில் வேலை செய்வது வேறு. வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுப்பதும், திரும்பி வந்த வண்டியைச் சரிபார்ப்பதும், பிரேக்கைச் சரிசெய்வதும் வேலைதான். சொந்தக் கடை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. அதற்குத் தொழில் விசாவும் பணி அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதத்தோடு நாடு கடத்தப்படுவீர்கள். அந்தப் பணி அனுமதியைச் சாதாரணக் கம்பெனி ஒன்று ஒரு வெளிநாட்டவருக்குப் பெற்றுத் தர வேண்டுமானால், 20 லட்சம் பாட் செலுத்தப்பட்ட மூலதனமும், 4 தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

இப்போது உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 15 வண்டிகளும் மாதம் முழுவதும் ஓடினால் 1,12,500 பாட். எந்த வாடகைக் கடையிலும் எல்லா வண்டியும் எல்லா நாளும் ஓடாது. பத்துக்கு ஆறு ஓடுகிறது என்று வைத்தால் 67,500 பாட். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தாலே நான்கு ஊழியர்களுக்குமாக மாதம் 35,000 பாட்டுக்குக் குறையாது, அதோடு அவர்களுக்குச் சமூகக் காப்பீட்டுத் தொகையும் கட்ட வேண்டும். உங்கள் விசாவை நீட்டிக்க, உங்களுக்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் காட்டி அதற்கு வருமான வரி செலுத்த வேண்டும். கடை வாடகை, டயர், பிரேக், எண்ணெய், வண்டிகளுக்கான காப்பீடு, கணக்காளர், ஆண்டு முடிவில் கட்டாயத் தணிக்கை என்று இன்னும் வரிசை இருக்கிறது. அங்கே எவ்வளவு சிறிய கம்பெனியாக இருந்தாலும் தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இவை எல்லாம் போக மிஞ்சுவதில் 51 விழுக்காடு உங்கள் பங்குதாரருடையது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் சமாளித்துவிடலாம். வயல்களிலும் காடுகளிலும் தீ மூட்டப்பட்டுப் புகை சூழ்கிற மார்ச் மாதத்தில் சியாங் மாயைத் தேடி வருபவர்கள் குறைந்துவிடுவார்கள், ஊழியர் சம்பளமோ குறையாது. 15 ஸ்கூட்டர்களால் இவ்வளவு சுமையைத் தாங்க முடியாது என்பதே என் முடிவு. சிறிய அளவில் தொடங்குவதால் ஆபத்தும் சிறியதாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். வெளிநாட்டவருக்குச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச அளவே உங்கள் தொழிலைவிடப் பெரியதாக இருக்கிறது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வடிவத்தில் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே வாடகைக் கடை நடத்துகிற, கடையை விரிவாக்கப் பணம் தேடுகிற ஒரு தாய்லாந்துக்காரரோடு உண்மையான கூட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் 51, நீங்கள் 49. இருவரும் சொந்தப் பணம் போடுகிறீர்கள், கடையை அவர் நடத்துகிறார், நீங்கள் லாபப் பங்கு பெறுகிறீர்கள். நீங்கள் அங்கே வேலை செய்யாதவரை உங்களுக்குப் பணி அனுமதியும் தேவையில்லை, அதற்கான 20 லட்சமும் நான்கு ஊழியர்களும் தேவையில்லை. 49 விழுக்காடு பலவீனமானது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனி விதிகளை மாற்றவும், மூலதனத்தைக் கூட்டவும், கம்பெனியைக் கலைக்கவும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்பதால், உங்கள் சம்மதம் இல்லாமல் இவை நடக்க முடியாது. வண்டிகள் அனைத்தும் கம்பெனி பெயரிலேயே பதிவாக வேண்டும், வங்கியிலிருந்து பெரிய தொகை எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்பவற்றை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தை எழுதும் வழக்கறிஞரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். முகவரோ கூட்டாளியோ அழைத்து வருபவர் வேண்டாம். ஓரிரண்டு பருவங்கள் கணக்கைப் பார்த்த பிறகு, வண்டிகள் 40, 50 என்று பெருகி, ஊழியர்களும் இயல்பாகவே சேர்ந்துவிட்டால், அப்போது மூலதனத்தை உயர்த்திப் பணி அனுமதிக்கு விண்ணப்பித்து நீங்கள் அங்கே குடியேறலாம்.

இணையத்தில் தேடும்போது, வெளிநாட்டவரே 100 விழுக்காடு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். 1966-இல் அமெரிக்காவுக்கும் தாய்லாந்துக்கும் ஏற்பட்ட நட்புறவு ஒப்பந்தத்தால் கிடைத்த சலுகை அது. இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தாது.

தொழிலைப் பொறுத்தவரை, வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஓட்டுகிறவரைப் பற்றிச் சொல்கிறேன். சியாங் மாயிலிருந்து பை என்ற மலையூருக்குப் போகும் பாதையில் 762 வளைவுகள் இருப்பதாகச் சட்டை அச்சடித்து விற்கிறார்கள். வாழ்க்கையில் இருசக்கர வாகனமே ஓட்டாத பயணிகள்கூட அந்தப் பாதைக்காகவே ஸ்கூட்டர் கேட்டு வருவார்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாதவரிடம் வண்டியை ஒப்படைப்பது உரிமையாளருக்கும் குற்றம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்கவே கூடாது. பலருடைய அனுமதி காருக்கு மட்டுமே இருக்கும். கட்டாயக் காப்பீடு, காயம்பட்டவரின் சிகிச்சைக்கு 80,000 பாட் வரையிலும், மரணத்துக்கு 5 லட்சம் பாட் வரையிலும் தரும். நொறுங்கிய வண்டிக்கோ, இடிபட்ட எதிர்வண்டிக்கோ ஒன்றும் தராது. கூடுதல் காப்பீடு எடுக்கும்போது, வண்டி வாடகைக்கு விடப்படுகிறது என்பதை மறைத்துச் சொந்தப் பயன்பாடு என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம், விபத்து நடந்த அன்று அந்தப் பாலிசி பயன்படாது.

ஈடாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே பரவலாக உண்டு. நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்போர்ட் அதை வழங்கிய அரசின் உடைமை. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் அயலூர்க்காரரிடம் அது இல்லாமல் போவது எவ்வளவு பெரிய துயரம் என்பதை, வெளிநாட்டில் வேலை பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணமாக முன்வைப்பு வாங்குங்கள். வண்டியைக் கொடுக்கும்போது, முன்தகடு, கண்ணாடிகள், சைலன்சர், சக்கர விளிம்பு ஆகியவற்றை வாடிக்கையாளரும் நிற்கும்படி ஒரே காணொளியாக எடுத்து, அங்கேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்குக் காசு கேட்டார்கள் என்ற சண்டையும், புதிய கீறலை மறுக்கும் சண்டையும் அதோடு நின்றுவிடும்.

பணத்தை இங்கிருந்து அனுப்புவதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் உங்கள் தொகைக்குத் தடை இல்லை. ஆனால் சுற்றுலாச் செலவு என்று எழுதி அனுப்பக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, முதலீடு என்றே வங்கியில் படிவம் கொடுத்து அனுப்ப வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் வங்கி வழியாக அறிக்கை தர வேண்டும், வருமான வரிக் கணக்கில் அந்தப் பங்குகளைக் காட்டவும் வேண்டும். பினாமி ஏற்பாட்டில் இவற்றில் எதையுமே நேர்மையாக நிரப்ப முடியாது என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் மனைவி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பின்னாளில் உங்களுக்குப் பணி அனுமதி கிடைத்தால், துணைவி என்ற முறையில் அவரும் உங்களோடு வந்து தங்க விசா பெறலாம். அந்த விசாவோடு அவர் கடையில் வேலை செய்ய முடியாது, அவருக்கெனத் தனிப் பணி அனுமதி வேண்டும். எழுத்தர் வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் இருப்பதால், கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்கு அவருக்கு அனுமதி கிடைக்காது. அவருடைய வருமானத்தையும் உழைப்பையும் சேர்த்து நீங்கள் போட்டிருக்கும் குடும்பக் கணக்கை, அவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் திட்டம் நிற்கிறது என்றால், கூட்டாளியைத் தேடத் தொடங்கலாம்.