பரம்பரை வீக்க நோயும் வால்வு அறுவைச் சிகிச்சையும்: தங்கள் கேள்விக்குப் பதில்

தங்கள் தந்தையாருக்குப் பரம்பரை ஆஞ்சியோஎடிமா (பரம்பரையாக வரும் திடீர் வீக்க நோய்) இருப்பதைச் சொன்னபோது, இதய வால்வு அறுவைக்கு முன் ஒவ்வாமை ஊசி போட்டால் போதும் என்று மருத்துவமனையில் பதில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது போதாது. இந்த வீக்கம் ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமினால் வருவதன்று. சி1 இன்ஹிபிட்டர் என்னும் புரதம் குறைவதால், இரத்தக் குழாய்களிலிருந்து நீரைக் கசியவிடும் பிராடிகைனின் என்னும் பொருள் பெருகி வருவது. ஆகவே ஒவ்வாமை மருந்து, ஸ்டீராய்டு, அட்ரினலின் எதற்கும் அது அடங்காது. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் இரத்தம் ஓடும்போது, இருக்கும் சொற்பப் புரதமும் செலவாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, சுவாசத்துக்காகச் செருகும் குழாயும், இதயத்தைப் படமெடுக்க உணவுக்குழாய் வழியே இறக்கும் எக்கோ கருவியும் தொண்டையில் உரசுவதே வீக்கத்தைத் தூண்டிவிடக்கூடும்.

எனவே, மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன்பாக, உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட் என்ற வழக்கமான கணக்கில் சி1 இன்ஹிபிட்டர் மருந்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவது பற்றியும், இன்னொரு டோஸும் பிராடிகைனினைத் தடுக்கும் ஐகாட்டிபன்ட் 30 மி.கி. ஊசியும் அரங்கிலேயே தயாராக இருப்பது பற்றியும் மயக்கவியல் மருத்துவரிடம் இப்போதே நேரில் பேசுங்கள். சி1 இன்ஹிபிட்டர் மருந்து கிடைக்காத இடத்தில் உறைய வைத்த பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவார்கள். வீக்கத்தை வளர்க்கும் பொருள்களும் அதில் கலந்திருப்பதால், நான் அதை இரண்டாம் பட்சமாகவே கருதுவேன்.

வீடு திரும்பும் நாளில் மருந்துச் சீட்டைக் கூர்ந்து பாருங்கள்: இதய நோயாளிகளுக்கு வழக்கமாக எழுதப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற 'ப்ரில்' என முடியும் மாத்திரைகள் பிராடிகைனினை மேலும் பெருக்குவதால், தங்கள் தந்தையாருக்கு ஆகவே ஆகா.