கப்பலைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதியிருக்கிறார்கள், போகலாமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில், அரையாண்டு லீவில், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 68 வயது மாமியார். கட்டிய பிறகுதான் ரிவ்யூ படித்தேன். ரூம் புறாக்கூடு, சாப்பாட்டுக்கு வரிசை, புக்கெட்டில் இறக்கியே விடவில்லை, வயிற்றுப்போக்கு, வாந்தி என்று வரிசையாகப் புலம்பியிருக்கிறார்கள். மாமியாருக்கு மூட்டுவலி, பிரஷர். மீதிப் பணம் கட்ட இரண்டு வாரம்தான் இருக்கிறது. கேன்சல் செய்துவிடலாமா?
(வாசகி, அண்ணா நகர், மதுரை)

பதில்: கேன்சல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் மீதிப் பணம் கட்டுவதற்குள் ஏஜெண்டிடம் பேசி முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. ஸ்டாரை விடுங்கள். இலவச சரக்கு கிடைக்கவில்லை என்று ஒற்றை ஸ்டார் போட்டவரும், ரூமில் தண்ணீர் ஒழுகியது என்று ஒற்றை ஸ்டார் போட்டவரும் சராசரியில் ஒரே எடைதான். எந்தப் புகார் உங்கள் ஐந்து பேரையும் தொடும் என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் பெரியது புக்கெட். பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் சங்கதி இது. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் துறைமுகத்திலேயே ஒட்டி நிற்கும், பாலத்தில் நடந்து இறங்கிவிடலாம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாடோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுவிட்டு, ஆட்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்புவார்கள், அதற்கு டெண்டர் என்று பெயர். அலை கொஞ்சம் தூக்கினாலும் படகை நிறுத்திவிடுவார்கள், கேப்டன் சொல்வதுதான் முடிவு, டிக்கெட் விதிமுறையிலேயே அந்த உரிமையை எழுதி வைத்திருப்பார்கள், அதனால் இறக்கிவிடவில்லை என்று சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு நல்ல செய்தி, அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பது பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. நீங்கள் படித்த அந்தப் புகாரின் தேதியைப் பாருங்கள், ஜூலை, ஆகஸ்ட் என்று இருந்தால் டிசம்பருக்காக அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கடல் அமைதியாக இருந்தாலும் மூட்டுவலிக்காரர் ஆடுகிற படகில் காலெடுத்து வைத்து ஏறுவது லேசில்லை. உங்கள் மாமியார் அன்றைக்குக் கப்பலிலேயே இருப்பார் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள், துணைக்கு யார் என்பதையும் சேர்த்துத்தான். பினாங்கில் அவரைத் தாராளமாக இறக்கலாம், லிட்டில் இந்தியாவும் குயீன் தெரு மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே, தமிழிலேயே விசாரித்துப் போகலாம்.

அடுத்து, கப்பல் ஆடுவது. வழியில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை, இரண்டு பக்கமும் நிலம் இருப்பதால் பொதுவாக அமைதியான தண்ணீர். இருந்தாலும் ரூம் எங்கே என்பது முக்கியம். கொடைக்கானல் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்கும் நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் கப்பலிலும் உண்டு. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் என்றால் மாமியாருக்கு நடையும் மிச்சம். மேல்தளத்து பால்கனி ரூமுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள், ஆட்டமும் அங்கேதான் கூடுதல். சாப்பாட்டு ஹாலுக்கோ டிஸ்கோவுக்கோ நேர் கீழே இருக்கும் ரூமை மட்டும் வாங்காதீர்கள், ராத்திரி முழுக்க நாற்காலி இழுக்கும் சத்தம்தான். வாந்தி மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்னால் போட்டால்தான் வேலை செய்யும், ஆனால் நாம் பஸ்ஸில் போடும் அவோமின் போன்றவை தூக்கம் தரும், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது, அதனால் மாமியாருக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குப் புகாரை மட்டும் லேசாக விடமாட்டேன். கடந்த இரண்டு மூன்று மாத ரிவ்யூக்களை மட்டும் எடுத்து, ஒரே பயணத் தேதியில் பலர் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கோ ஒருவர் என்றால் அவர் கரையில் எதைச் சாப்பிட்டாரோ. பலர் என்றால், அதுவும் அடுத்தடுத்த பயணங்களில் என்றால், அப்போது கேன்சல் பற்றி யோசிக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொடுத்துக் கப்பலில் பரவும் நோரோ வைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும், பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ரூம் ஒழுகல், ஏசி, நாற்றம் போன்ற புகார்களுக்கு, கப்பல் கடைசியாக எப்போது டிரை டாக் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் இடம்) போய்ப் பழுது பார்க்கப்பட்டது என்று ஏஜெண்டைக் கேளுங்கள், அதற்கு முந்தைய புலம்பல்களை ஒதுக்கிவிடலாம்.

ரூம் சின்னதுதான், அது எல்லாக் கப்பலுக்கும் உள்ளது, தூங்கத்தானே போகிறீர்கள். வரிசையும் லீவு நாளில் இருக்கத்தான் செய்யும், காலை டிபனுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போனால் சமாளிக்கலாம்.

பணம் விஷயத்தில், இன்றைக்கு கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், அடுத்த வாரம் என்றால் எவ்வளவு என்று ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள், தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். தினசரி சர்வீஸ் சார்ஜ் தலைக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள், பல பாக்கேஜ்களில் அது சேர்ந்திருக்காது. கப்பல் ஆஸ்பத்திரி பில் கைக்காசுதான், ஆகவே இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணம், மாமியாரின் பிரஷர் இரண்டையும் சொல்லியே எடுங்கள். சிங்கப்பூருக்குள் கப்பலில் திரும்ப வருவதால் விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள்.

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. மதுரையிலிருந்து போனாலும் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போனாலும் முந்தின நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பெரிய பெட்டியை ஏறும்போது வாங்கிக்கொள்வார்கள், ரூமுக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம், அதனால் பிரஷர் மாத்திரை கைப்பையில். கடலுக்குள் போனதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், கப்பல் டவரில் தானாக மாட்டிக்கொண்டால் பில் பதற வைக்கும். எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ் வேண்டாம், வாங்கி வைத்துவிடுவார்கள். சமைத்த சாப்பாட்டையும் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை, அதனால் புளியோதரை கட்டினால் ஏறுவதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.