கிராணி பதில்கள்: வலென்சியாவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

கேள்வி: கிராணி ஐயா, வணக்கம். எங்கள் மகள் ஸ்பெயினில், மாட்ரிட்டில் படிக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் அவளைப் பார்க்கப் போகிறோம். நடுவில் ஒரே ஒரு நாள் வலென்சியாவுக்குப் போய்வரலாம், வெள்ளிக்கிழமை ரயில் டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். உங்கள் மகள் அந்த ஊரில் இருந்தபோது போய்த் தங்கியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது? எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை நான் சைவம். அவருக்கு முட்டிவலி வேறு.
– வாசகி, பாகான் செராய், மலேசியா

பதில்: நம்ம ஊர்க்காரம்மா கேட்டால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஆசிரியர் கோபிக்கக் கூடாது.

முதலில் கிழமையை மாற்றச் சொல்லுங்கள், அம்மா. வியாழக்கிழமை போங்கள். வெள்ளி என்றால் அந்த ஊரின் பெரிய சாப்பாடே உங்களுக்கு இல்லாமல் போய்விடும். இன்னொரு காரணமும் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்கு வரும்போது சொல்கிறேன்.

ஒரு நாள் பயணம் என்றதும் எல்லாரும் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு, நடுவில் எங்காவது எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வலென்சியாவில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே சோறு மத்தியானத்தில்தான். பயேயா என்கிற அவர்களுடைய அரிசிச் சாப்பாட்டை ராத்திரியில் கேட்பவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானச் சமையல் ஒன்றரை மணிவாக்கில் தொடங்கி நாலு மணியோடு முடியும். அதற்குப் பிறகு எட்டரை, ஒன்பது வரை அடுப்பு தூங்கும். நம்மைப் போல பன்னிரண்டு மணிக்கே பசி எடுப்பவர்கள் வாசலில் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே மகளிடம் சொல்லி இரண்டு மணிக்கு ஒரு மேசையை இப்போதே பிடித்து வையுங்கள். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஏழு மணி ரயில் பிடித்தால் ஒன்பதுக்கு அங்கே இருப்பீர்கள். அது புது நிலையம், பார்க்க ஒன்றுமில்லை. கொஞ்ச தூரத்தில் 1917இல் திறந்த பழைய வடக்கு நிலையம் இருக்கிறது. வெளிச்சுவரில் ஆரஞ்சுப் பழமும் பூவும் கொத்துக் கொத்தாகப் பதித்திருப்பார்கள். உள்ளே போய்ப் பாருங்கள், பல மொழிகளில் ‘நல்ல பயணம்’ என்று சுவரில் பதித்து வாழ்த்தியிருப்பார்கள். தமிழைத் தேடாதீர்கள், இல்லை.

அடுத்து காலைப் பசி. ஒன்பதரைக்கு மேல் அந்த ஊரில் வேலை செய்கிற ஆள்கள் எல்லாம் கடையில் உட்கார்ந்து ஒரு முழம் ரொட்டியைப் பிளந்து உள்ளே எதையாவது அடைத்துச் சாப்பிடுவார்கள். ரொட்டி வருவதற்கு முன்பே ஆலிவ் காயும் தோலோடு வறுத்த கச்சானும் (நிலக்கடலை) மேசைக்கு வந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் விடிய எழுந்து பால்வெட்டு முடித்தவர்கள் பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கடைகளில் எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. நீங்கள் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டி கேளுங்கள், பிரச்சினை இல்லை. மூன்று பேருக்கு இரண்டு போதும், மத்தியானத்துக்கு வயிற்றில் இடம் வேண்டும். ரொட்டி முடிந்ததும் ரம்மைக் கொளுத்திச் சேர்த்த ஒரு சின்னக் காப்பி குடிப்பார்கள். இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம்.

அங்கிருந்து மத்தியச் சந்தை. 1928இல் திறந்தது. இரும்பும் கண்ணாடியும் வண்ண ஓடுமாக ஒரு மாளிகையைக் கட்டி, அதற்குள் மீனும் காய்கறியும் விற்கிறார்கள். உச்சியில் காற்றுத் திசை காட்ட ஒரு கிளி நிற்கும், அண்ணாந்து பாருங்கள். சந்தை மூன்று மணிக்கு மூடிவிடும், ஞாயிறு இல்லை. குங்குமப்பூ வாங்குவதானால் இங்கே வாங்கலாம். பன்றித்தொடைகள் கடைக்குக் கடை வரிசையாகத் தொங்கும், வேண்டாதவர்கள் பழக்கடைப் பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம்.

சந்தைக்கு எதிரிலேயே லொன்ஹா என்கிற பழைய பட்டு வணிக மண்டபம். 1482இல் கட்டத் தொடங்கினார்கள், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முறுக்கிவிட்ட கல்தூண்கள் தரையிலிருந்து எழும்பிக் கூரையில் போய் விரியும். எல்லாரும் தூணைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். மேலே சுற்றிவர லத்தீனில் எழுதியிருக்கிறது: நாக்கால் ஏமாற்றாத, வட்டிக்குக் கொடுக்காத வணிகன் செல்வம் சேர்ப்பான், மறுமை வாழ்வும் பெறுவான் என்கிற மாதிரி. கடன் கட்டாத வணிகர்களை அடைக்க அதே கட்டடத்துக் கோபுரத்தில் ஓர் அறையும் வைத்திருந்தார்கள். புண்ணியத்தைச் சுவரில் எழுதி, பூட்டை மாடியில் வைத்த அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்து ஆபீசில் கிராணியாகக் காலமெல்லாம் செக்ரோல் என்கிற கூலிக் கணக்கு எழுதியவன் இல்லையா!

இப்போது பன்னிரண்டு மணி. வியாழக்கிழமை போகச் சொன்னது இதற்குத்தான். பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். அங்கே தண்ணீர் நீதிமன்றம் கூடும். நகரைச் சுற்றியுள்ள விளைநிலங்களுக்குப் பாயும் எட்டு வாய்க்கால்களுக்கு விவசாயிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, வாசலில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்காருவார்கள். காவலர் ஒருவர் பித்தளைக் கொக்கி வைத்த கோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கூப்பிடுவார். பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். எட்டுப் பெயரும் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள், சில நிமிடம்தான். வழக்கு வந்தால் விசாரணை முழுக்க வாய்மொழிதான். வக்கீல் கிடையாது, தீர்ப்பு அங்கேயே, மேல்முறையீடும் இல்லை. முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்கள். 2009இல் யுனெஸ்கோ இதையும் ஏற்றுக்கொண்டது.

சுற்றுலா வந்தவர்களில் பாதிப் பேர் ‘இவ்வளவுதானா’ என்று முகம் சுளிப்பார்கள். கிரியான் மாவட்டத்து ஆளுக்கு அப்படித் தோன்றாது, அம்மா. 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் வந்து, அந்தத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர் நம்முடையது. மடையை யார் முதலில் திறப்பது என்பதற்கு என்ன சண்டை வரும் என்று நமக்குத் தெரியும். யாரும் வராத அந்த மௌனத்தில்தான் அவர்கள் வெற்றி இருக்கிறது என்று நான் நினைத்தேன். மகள் ‘அப்பா, நகருங்க, மறைக்கிறீங்க’ என்றாள்.

பேராலயம் 1262இல் மசூதி இருந்த இடத்தில் கட்டத் தொடங்கியது. இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்தியதாக நம்பப்படும் கல் கிண்ணம் உள்ளே இருக்கிறது. மணிக்கூண்டுக்கு 207 படி, வீட்டுக்காரர் கீழே பெஞ்சில் இருக்கட்டும்.

சரி, இரண்டு மணி. பேராலயத்தைச் சுற்றியுள்ள சதுக்கங்களில் பலகையில் மஞ்சள் சோற்றுப் படம் ஒட்டிய கடைகளைக் கண்டால் நடையை வேகப்படுத்துங்கள். அசல் வலென்சியா பயேயாவில் மீனும் இறாலும் இல்லை. கோழி, முயல், தட்டைப் பச்சை அவரை, பெரிய வெள்ளை அவரைக்கொட்டை, தக்காளி, குங்குமப்பூ, அவ்வளவுதான். சில வீடுகளில் நத்தையும் போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மாடு கிடையாது. இரண்டு பேருக்குக் குறையாமல்தான் சமைப்பார்கள், சொன்ன பிறகுதான் அரிசியே போடுவார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்கச் சொன்னால் நல்ல கடை. ஐந்து நிமிடத்தில் தட்டு வந்தால் யாரோ காலையில் செய்ததைச் சூடாக்கியிருக்கிறார்கள்.

சாப்பிட்ட பிறகு துரியா பூங்காவுக்கு டாக்சி பிடியுங்கள், நடக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆறு ஓடிய படுகை அது, இப்போது ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தோட்டம். கிழக்கு முனையில் கலை அறிவியல் நகரம் இருக்கிறது. அந்த ஊரிலேயே பிறந்த சந்தியாகோ கலாத்ராவா வடிவமைத்த வெள்ளை வெள்ளைக் கட்டடங்கள். வெளியிலிருந்து பார்த்தால் போதும். உள்ளே மீன்காட்சியகம் பெரியதுதான், ஆனால் ஒரு நாள் வந்தவர் அதற்குள் போனால் மாலை முழுக்கப் போய்விடும். என்னைக் கேட்டால் பெஞ்சில் உட்கார்ந்து செரிக்க விடுவதே மேல்.

ஆறு மணிக்கு ஓர்சாத்தா குடித்துவிட்டு ரயில் ஏறுங்கள். பக்கத்து அல்போராயா வயல்களில் விளைகிற ஒரு கோரைக்கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை போட்டுக் குளிரக் கொடுப்பார்கள். பாலே சேராது. பார்க்க வெள்ளையாக, குடிக்கும்போது கொஞ்சம் மாவு நெருடும். நீள ரொட்டி ஒன்றை அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். நம் வயலில் கோரையைக் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

கேள்வி: பயேயா என்பது அவர்கள் ஊர் பிரியாணிதானே, ஐயா?
– வாசகர், பாரிட் புந்தார்

பதில்: இல்லை, தம்பி. பிரியாணிக்கு மூடி வேண்டும், பயேயாவுக்கு மூடியே இல்லை. அகலமான தட்டைச் சட்டியில் விரல் கனத்துக்கும் குறைவாக அரிசி பரப்பி, ஆரஞ்சு விறகு கிடைத்தால் அதில் வைப்பார்கள். அரிசி போட்ட பிறகு கரண்டி வைக்கவே கூடாது. குண்டு அரிசி, குழம்பின் ருசியைக் குடித்துக்கொள்ளும், ஆனால் ஒட்டாது. கடைசியில் தீயைக் கூட்டி அடியில் லேசாகப் பிடிக்க விடுவார்கள். அந்த அடிப்பிடித்த பகுதியைச் சுரண்டத்தான் வீட்டில் சண்டை நடக்கும். தீய்ந்த வாசனை வந்தால் மட்டும் கெட்டுப்போனது. காரம் எதிர்பார்க்காதீர்கள். ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பையிலேயே வைத்திருங்கள், வெளியே எடுத்தால் சமைத்தவர் மனம் நோகும்.

சைவக்காரர்களுக்குக் காய்கறி பயேயா உண்டு. ஆனால் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேட்டே ஆக வேண்டும், கோழிச்சாறாக இருக்கலாம்.

கேள்வி: 2024இல் வலென்சியாவில் பெருவெள்ளம் வந்து ஏராளமானோர் இறந்ததாகச் செய்தியில் பார்த்தோம். ஊர் பழையபடி இருக்கிறதா?
– வாசகி, தைப்பிங்

பதில்: அக்டோபர் 29. அந்த மாநிலத்தில் 220 பேருக்கும் மேல் இறந்தார்கள். பைப்போர்த்தா போன்ற தெற்குப் புறநகர் ஊர்கள்தான் மிதிபட்டன. நகரின் நடுப்பகுதி தப்பியது. 1957 அக்டோபரில் துரியா ஆறு நகருக்குள்ளேயே புகுந்து அழித்ததும், ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள், மக்கள் தோட்டம்தான் வேண்டும் என்று நின்றார்கள். முதல் பதிலில் சொன்ன பூங்கா அப்படி வந்ததுதான். புது வாய்க்கால் நகரைக் காத்தது, அதற்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவர் நகர மையத்தில் வெள்ளத்தின் தடத்தைக் காண மாட்டார். பைப்போர்த்தாவுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பந்து ரசிகன் நான். ஸ்டேடியம் பார்க்க நேரம் இருக்குமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மெஸ்தாயா, 1923இல் திறந்தது, துரியா பூங்காவிலிருந்து நடக்கிற தூரம். மேலே சொன்ன பெஞ்சில் உட்காருகிற நேரத்தை இதற்குக் கொடுத்துவிடு. சோற்று நேரத்தில் கை வைக்காதே.

கேள்வி: மார்ச் பள்ளி விடுமுறையில் போனால் என்ன?
– வாசகர், நிபோங் தெபால்

பதில்: போகலாம், காது திடமாக இருந்தால். ஃபாயாஸ் திருவிழாவுக்காக மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மத்தியானம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடி வெடிப்பார்கள். அழகு பார்க்க இல்லை, சத்தத்துக்காகவே. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காது அடைக்காது. தெருவெல்லாம் ஆளுயரத்துக்கும் மேலான பொம்மைகள் நிற்கும், 19ஆம் தேதி ராத்திரி அத்தனையையும் கொளுத்துவார்கள். அந்த வாரம் அறை வாடகை எகிறிவிடும், மாட்ரிட்டில் தங்கிக்கொண்டு காலையில் வந்து மாலையில் திரும்புவது புத்திசாலித்தனம். சாப்பாட்டு மேசையை மட்டும் மூன்று மணிக்குத் தள்ளிப் போடுங்கள்.