இணையத்தில் பழைய டிசைனர் கைப்பைகளும் உடைகளும் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கேட்க நினைப்பது, "டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பதைத்தான். நானும் அந்தப் பயத்தோடுதான் ஆரம்பித்தேன். நான் முதலில் வாங்கிய பை நூற்றுக்கு நூறு ஒரிஜினல். பார்சலைப் பிரித்து உள்ளே கையை விட்டேன், விரல்கள் ஒட்டிக்கொண்டன.

உள் பாக்கெட்டின் லைனிங் முழுக்கப் பிசினாகிவிட்டிருந்தது. வெளிப்பக்கத்தை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துப் போட்டிருந்த விற்பனையாளர், உள்ளே ஒரு படம்கூட எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. லைனிங் ஓரத்தில் தைத்திருந்த சின்னத் தோல் துண்டில் பதித்த குறியீட்டின் குளோசப்பை மட்டும் கேட்டு வாங்கி, இரண்டு நாள் அதையே உருப்பெருக்கிப் பார்த்து, ஒரிஜினல்தான் என்று முடிவுகட்டிப் பணம் அனுப்பினேன்.

அதனால் உட்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 1980, 90களில் வந்த பல பைகளின் உள் பாக்கெட்டுகளுக்கு பாலியூரித்தேன் வகைப் பூச்சு கொடுத்த துணியைப் போட்டிருப்பார்கள். காற்றின் ஈரம் பட்டுப்பட்டே அந்தப் பூச்சு வேதியியல்ரீதியாகச் சிதைந்துபோகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். துடைத்தால் சரியாகாது. "ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தது" என்று சொன்னாலும் நம்பி மகிழ வேண்டாம், அலமாரிக்குள்ளேயும் ஈரம் உண்டு. பிசுபிசுப்பு தெரியாமலிருக்கச் சிலர் முகப்பவுடர் தூவிவிடுவார்கள். படத்தில் உட்பக்கம் மங்கலாக வெளுத்துத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டும் படம் ஒன்று கேளுங்கள், தர மறுத்தால் அந்தப் பை வேண்டாம்.

போலிக்கு வருவோம். குறியீட்டு எண்ணைப் பார்த்து ஒரிஜினல் என்று சொல்லவே முடியாது. பழைய லூயி வுய்த்தான் பைகளில் இருப்பது பெரும்பாலோர் நினைப்பதுபோல ஒவ்வொரு பைக்கும் தனித்தனியான வரிசை எண் அல்ல, எங்கே, எப்போது செய்தது என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. 1990 முதல் 2006 வரை செய்தவற்றில், அந்தக் குறிப்பின் நான்கு இலக்கங்களில் முதலாவதும் மூன்றாவதும் மாதம், இரண்டாவதும் நான்காவதும் ஆண்டு. 0968 என்றால் 1998 ஜூன். 2007 முதல் மாதத்துக்குப் பதில் வாரம் வந்தது. ஆகவே 2918 என்று ஒரு பை இருந்தால் அது 21ஆம் மாதம் என்றாகும். வாரம் என்று எடுத்துக்கொண்டாலும், 1998இல் வாரக் கணக்கு கிடையாது. இப்படிக் கணக்கு இடித்தால் போலி என்று ஒதுக்கலாம். ஆனால் கணக்கு சரியாக இருப்பதால் ஒரிஜினல் என்று ஆகிவிடாது. 0968 என்று அச்சடிக்கப் போலி செய்பவருக்கும் தெரியும்.

நான் அதிகம் நம்புவது காலப் பொருத்தத்தைத்தான். ஷனெலின் 2.55 பை 1955 பிப்ரவரியில் வந்தது. அதன் பூட்டு வெறும் செவ்வக வடிவம். இரண்டு 'சி' பின்னிக்கொண்டிருக்கும் பூட்டு, வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் 1983இல் அங்கே சேர்ந்த பிறகு வந்தது. உள்ளே எண் ஒட்டுவதும் 80களின் நடுவில்தான் ஆரம்பித்தது. அந்த 'சி' பூட்டையும் உள்ளே எண் ஸ்டிக்கரையும் காட்டி, "60களில் பாட்டி வாங்கியது" என்று எழுதியிருந்தால், பாட்டியின் கதையாவது பொய், இல்லை பையாவது பொய். எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையிலேயே 70களில் வந்த பையில் எண் இல்லையே என்று நல்ல பொருளைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வுய்த்தானின் ஸ்பீடி பையில் ஒரு பக்கத்து எழுத்துகள் தலைகீழாக இருப்பதைப் பார்த்துப் "போலி!" என்று கூச்சலிடுவோரும் உண்டு. ஒரே கேன்வாஸ் துண்டு அடிப்பகுதியைச் சுற்றி மேலே ஏறி வருவதால் அது அப்படித்தான் இருக்கும்.

பையோடு வரும் அட்டை, டப்பா, துணி உறை இவற்றுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. அவை தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன.

இன்னொன்று, பெயர் ஒரிஜினலாக இருந்தும் ஏமாற வாய்ப்புண்டு. கடந்த நூற்றாண்டில் பல ஃபேஷன் நிறுவனங்கள் தங்கள் பெயரை வாடகைக்கு விடுவதுபோல் உரிமம் கொடுத்தன. வடிவமைப்பாளர் பியர் கார்தானின் பெயர் நூற்றுக்கணக்கான பொருட்களில் ஏறியது. அவை போலியல்ல, ஆனால் அவருடைய தையற்கூடத்தில் தைத்தவையும் அல்ல. அதேபோல "ரிவ் கோஷ்" என்ற லேபிளைக் காட்டி வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த உயர்தர உடை என்று விலை ஏற்றுவார்கள். 1966இல் அவர் தொடங்கிய ரிவ் கோஷ், ஆயத்த ஆடைக்கான கடை. அருமையான உடைகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயத்த ஆடையின் விலையைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

உடைகளில் லேபிளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். துவைக்கும் முறையை உடையிலேயே நிரந்தரமாகத் தைத்துத் தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அமெரிக்காவில் தைத்த "50களின் கவுன்" ஒன்றில் துவைப்புக் குறிகளோடு லேபிள் இருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். கம்பளிச் சுருள் போன்ற வுல்மார்க் சின்னம் 1964இல் வந்தது, அதற்கு முந்தைய கோட்டில் அது இருக்க வழியில்லை. ஜிப்பையும் பாருங்கள். 50களின் உடையில் பெரும்பாலும் உலோக ஜிப்தான் இருக்கும். பிளாஸ்டிக் ஜிப் இருந்தால் அநேகமாகப் பிற்காலத்தது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியிருந்தால் தவறில்லை, சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். பழைய 12 இன்றைய 12 அல்ல, இன்றையதைவிட நன்றாகவே சிறியது. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் உடை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோள், இடுப்பு, நீளம் எல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரிடமும் அப்படியே விரித்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். உடலை அளந்த அளவோடு ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் பழைய துணிகளில் பெரும்பாலானவற்றுக்கு இழுவை கிடையாது. இடுப்பைப் பிடிக்கலாம், விடலாம். தோளை மாற்ற முயன்றால் உடையையே பிரித்துத் தைக்க வேண்டும். பட்டாக இருந்தால் அக்குள் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம் கேட்பேன். வியர்வை பட்டு நைந்த பட்டு மடித்து வைத்த படத்தில் புத்தம் புதிதாகத் தெரியும், போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் கிழியும். அந்துருண்டை வாசனை, புகை வாசனை இருக்கிறதா என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். படத்தில் வாசனை வராது.

பையில் நான் கேட்கும் படங்கள்: அடிப்பக்கத்து நான்கு மூலைகள், கைப்பிடியின் உட்புறம், பையை மூடும் மடிப்பின் கீழ்ப்பகுதி. தோலுக்கு மறுபடி சாயம் அடித்திருந்தால் தையல் நூல் காட்டிக்கொடுத்துவிடும். வேறு நிறத்தில் இருக்க வேண்டிய நூலும் தோலின் நிறத்திலேயே இருந்தால் யாரோ பிரஷ் பிடித்திருக்கிறார்கள். படங்கள் வேறெங்கோ திருடியவையா என்ற சந்தேகம் வந்தால், அன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதிப் பைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பை கையில் இல்லாதவர் அதற்குப் பிறகு பதிலே போடமாட்டார்.

விற்பனைத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை முடித்துவிடுங்கள். மலைப்பாம்பு, முதலைத் தோல் பைகளை வெளிநாட்டிலிருந்து வாங்குமுன் இரண்டு தடவை யோசியுங்கள். அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடலாம். பை பழையது என்ற வாதம் அங்கே எடுபடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

முதன்முறை வாங்குகிறீர்கள் என்றால், லைனிங்கே இல்லாத பையாகப் பாருங்கள். அமெரிக்கத் தோல் பை நிறுவனமான கோச்சின் பழைய பைகள் பல அப்படிப்பட்டவை. 1960களில் பானி கேஷின் அங்கே வடிவமைக்க வந்த பிறகு அமைந்த பித்தளைத் திருகு பூட்டு, தடித்த தோல், உட்புறம் தோலின் பின்பக்கமே. உருகிப் பிசுபிசுக்க உள்ளே எதுவும் இல்லை. கீறல் விழுந்தாலும் தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். ஷனெல், வுய்த்தான் அளவுக்குப் பெயருக்காக மேலே விழுந்து வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் போட்டியும் குறைவு. எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

அந்த ஒட்டிய பை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தோல் பை பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தோலு கெட்டி. உள்ளதான் போச்சு, மாத்திடலாம்" என்றார். பருத்தித் துணியில் அழகாகப் புது லைனிங் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் உறைத்தது, பழைய லைனிங்கோடு நான் இரண்டு நாள் உருப்பெருக்கிப் பார்த்த அந்தக் குறியீட்டுத் துண்டும் குப்பைக்குப் போய்விட்டது. இன்று அதை விற்கப் போனால் முதல் கேள்வியே, "குறியீடு எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். விற்கும் எண்ணமில்லை. தினமும் தோளில் மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.