எர்க் (துடுப்புப் பயிற்சி இயந்திரம்) சோதனையில் கடைசி 500 மீட்டரில் தளர்ந்துபோகும் மகனுக்கு

வணக்கம் அக்கா. 2,000 மீட்டர் சோதனையில் முதல் 500 மீட்டரை 1:45 நிமிடத்துக்கு இழுத்துவிட்டு, கடைசி 500-ல் மகன் 2:15-க்கு விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். இது பலக்குறைவு இல்லை. தொடக்க வேகம்தான் அவனைக் கவிழ்க்கிறது. 500 மீட்டருக்கு 2:00 அளவில் தொடங்கி, 1,500 மீட்டர் வரை அதையே பிடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதைக் கடைசி 500-ல் கொட்டட்டும். இயந்திரத்தில் இழுவையின் கனத்தை மாற்றும் காற்று நெம்புகோலை 10-ல் வைக்கிறானா? 4 போதும். 10-ல் வைத்தால் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இழுக்கும்போது முதலில் கால், அப்புறம் முதுகு, கடைசியில்தான் கை.

எர்க் நேரம் மட்டுமே படகில் அவனுக்கு இடம் உண்டா என்பதை முடிவு செய்யாது. பல பயிற்சியாளர்கள் இரண்டு படகுகளை ஓடவிட்டு, ஆளுக்கு ஆள் மாற்றி, எந்தப் படகு முந்துகிறது என்று பார்ப்பார்கள். முன்னால் இருப்பவனின் தாளத்தோடு துடுப்பை நீரில் இறக்கத் தெரிந்தவனுக்கு அங்கே நல்ல வாய்ப்பு உண்டு. தண்ணீர்ப் பயிற்சியை மட்டும் தவறவிட வேண்டாம்.